குலாம் முகம்மது இழுத்து வந்த வீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெருவில் நின்று குலாம் முகம்மது வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். மலிகா அக்கா வீடு என்று கேட்டுப் பாருங்கள், கூடவே வந்து கேட்டைத் திறந்து விட்டுவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் வாசல் பளிங்குக் கல்லில் பொறித்திருப்பது குலாம் முகம்மது பெயர்தான்.

குற்றம் தெருவில் இல்லை. மனிதர் இருபத்தைந்து வருடம் குவைத்தில் ஒரே குடும்பத்துக்கு வீட்டு டிரைவராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார், வந்த களைப்பு தீர்வதற்குள் திரும்பிப் போவார். போன பிப்ரவரியில்தான் ஒரேயடியாகத் திரும்பினார். ஐம்பத்தேழு வயது, நல்ல உயரம், ஒழுங்காகக் கத்தரித்த தாடி. பேச்சு குறைவு. அது பிறவிக் குணம் இல்லை, வேலை கொடுத்த குணம். வீட்டு டிரைவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம், தானாக வாயைத் திறக்கக் கூடாது. இருபத்தைந்து வருடம் அப்படி இருந்த வாய் விமானம் ஏறி இறங்கியதும் பேச ஆரம்பித்துவிடுமா?

முதல் வாரம் வீட்டில் அவருக்கு ராஜ உபசாரம். அப்புறம் வீடு பழையபடி ஓட ஆரம்பித்தது, அவர் இல்லாமல் ஓடிப் பழகிய அதே தடத்தில். சிலிண்டர் கொண்டு வருகிறவன் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா இல்லீங்களா?" என்பான். சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டால் மனைவி மலிகா கோபிக்காமல் எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பாள். விருந்தாளிக்கு எடுத்துக் கொடுப்பது போல. ஒரே மகன் அஃப்சல் துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். போன் போட்டால் "அத்தா, நல்லா இருக்கீங்களா, அம்மாட்ட குடுங்க" என்பான். அந்தப் பிள்ளையைச் சொல்லிப் பயனில்லை. அவன் அவரிடம் அதற்கு மேல் பேசிப் பழகியதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மலிகாவிடம் குர்ஆன் ஓத வருவார்கள். ஓதி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து நாட்டு நடப்பெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுப் போவார்கள். குலாம் வந்த பிறகு அவர்கள் கேட் வரைக்கும் வந்து, கூடத்தில் ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முக்காட்டை இழுத்துக்கொண்டு அப்படியே திரும்பினார்கள். மலிகா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நாலாவது நாள் குலாமே சட்டையை மாட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் கிளம்பினார். அன்றிலிருந்து நாலு மணியானால் அவருக்கு மைதானம்தான். சொந்த வீட்டில் தான் இருப்பது இடைஞ்சல் என்பதை அங்கே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆறு மணி வரைக்கும் மென்று விழுங்குவார்.

அந்த மரத்தடியில்தான் அவருக்கு வண்டி யோசனை வந்தது.

குவைத்தில் நவம்பர் பிறந்தால் பாலைவனத்தில் கூடாரம் போடுகிற பருவம். அவருடைய முதலாளி குடும்பத்துக்குச் சக்கரம் வைத்த வீடு ஒன்று உண்டு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வண்டி. அதைக் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி, எண்பது கிலோமீட்டர் இழுத்துப் போய் மணலில் நிறுத்தி, நாலு மூலையும் மட்டம் பார்த்துக் கொடுப்பது குலாமின் வேலை. காற்றடிக்கிற பாலைவன ரோட்டில் அப்படி ஒரு வீட்டை ஆடாமல் அசையாமல் இழுத்து வருவது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. அக்கம்பக்கத்து முதலாளிகளே அவரைக் கடன் கேட்டுக் கூட்டிப் போவார்கள். குடும்பம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். குலாம் காரில் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். இருபத்தைந்து குளிர்காலத்தில் ஒரு நாள்கூட அந்த வண்டிக்குள் அவர் படுத்ததில்லை.

மஞ்சக்குப்பம் வீட்டை நின்று கட்டியது மலிகா. எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்பது அவள் முடிவு. அங்கே அவர் எந்தக் காலத்திலும் வந்து சேர்ந்தவர்தான். ஆனால் இருவருமே புதிதாகக் காலெடுத்து வைக்கிற வீடு ஒன்று இருந்தால்? அவளுக்கும் சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாத வீடு? அசட்டு யோசனை என்று நீங்கள் சொல்லலாம். தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு வருகிற யோசனை அப்படித்தான் இருக்கும்.

குடிகாட்டில் தங்கராசு என்று ஒரு வெல்டர். சிப்காட் கம்பெனிகளுக்குத் தொட்டியும் குழாயும் செய்து கொடுக்கிறவர். குலாம் பேப்பரில் வரைந்து கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், பொட்டிக்கடையா?" என்றார்.

"இல்ல. வீடு."

"வீட்ட எங்க இஸ்துகினு போறீங்க?"

"சும்மா, போயிட்டு வரத்தான்."

தங்கராசு சிரித்தார். ஆனால் மூன்று மாதத்தில் ஒற்றை அச்சில், இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, பின்பக்கம் ஒரு கதவு, மஞ்சள் திரை போட்ட இரண்டு ஜன்னல் என்று ஒரு வண்டியைச் செய்து நிறுத்திவிட்டார். காகிதமெல்லாம் முறையாக வாங்கி நம்பர் பலகையும் மாட்டியாயிற்று. அதை இழுக்கப் பழைய இன்னோவா ஒன்றும் வந்தது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மலிகா மட்டும் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, "வீடுதான் இருக்குதே மச்சான், இது எதுக்கு?" என்றாள்.

காரணம் குலாமுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் தெரியாது. "லால்பேட்டைக்கு ஒரு மூணு நாள் போயிட்டு வரலாம்னு," என்றார். லால்பேட்டை காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரியை ஒட்டி, மலிகா பிறந்த ஊர். அங்கே அவள் சித்தப்பா மகனுடைய சிமெண்டுக் களம் ஒன்று ஏரிக்கரைக்குக் கீழே சும்மா கிடந்தது. அவன் சிங்கப்பூரில் இருந்தான். மலிகா யோசித்து, "சரி" என்றாள். எதற்கும் சரி என்கிற சரியா, ஆசைப்பட்டுச் சொன்ன சரியா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் குவைத்திலிருந்து உசாமாவின் குரல் வந்தது. குலாம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன பையன், இப்போது அந்த வீட்டுக்கே முதலாளி. புது டிரைவருக்கு வண்டி இழுக்கத் தெரியவில்லை, வீசா தயார் செய்கிறேன், இந்தப் பருவத்துக்கு வந்துவிடு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தான். அங்கே தன்னைத் தேடுகிறார்கள் என்று கேட்க அவருக்கு இனித்தது. அப்படி இனித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. மொட்டை மாடிக்குப் போய் நாலைந்து தடவை அதைப் போட்டுக் கேட்டார். யாரிடமும் சொல்லவில்லை. லால்பேட்டைப் பயணம் புதன்கிழமை. அந்த மூன்று நாளில் மலிகா வாயிலிருந்து 'இருங்க' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், இருந்துவிடலாம். வராவிட்டால் போய்விடலாம். மனசுக்குள் இப்படி ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க வண்டிக்குள் சாமான் ஏற்றினார். இழுவை வண்டியில் கனத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது. கனமானது அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும், தரையோடு தரையாக. மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு வண்டியின் மூக்கில், காரின் கொக்கி மேல் உட்கார வேண்டும். குறைந்தால் வண்டி காரின் வாலைப் பிடித்து ஆட்டும். கூடினால் காரின் முன்சக்கரம் ரோட்டில் பதியாது. குளியலறையில் வைத்து எடை பார்க்கிற மெஷினை மூக்குக்குக் கீழே கட்டை கொடுத்து வைத்துப் பார்த்தார். எண்பத்தெட்டுக் கிலோ. தொள்ளாயிரம் கிலோ வண்டிக்கு அது கச்சிதம். பிறகு காரில் மாட்டினார். கொக்கிக்குக் கீழே காப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காகப் பூட்டினார். கொக்கி விட்டாலும் வண்டியின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும். இதையெல்லாம் மலிகாவுக்குக் காட்டியிருக்கலாம். அவள் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனாள். கேட்டால் சொல்லலாம் என்று இவர் இருந்தார். வேலையில் இருக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று அவள் இருந்தாள்.

புதன் காலை அவர் பள்ளிவாசலுக்கு ஃபஜ்ர் தொழப் போன நேரத்தில் மலிகா தன் பங்குக்கு ஏற்றினாள். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, இரண்டு தண்ணீர் கேன், பாத்திரங்கள் நிறைந்த ஒரு டிரங்குப் பெட்டி, பத்துத் தேங்காய். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மூட்டை தூக்கிப் பழகியவள், யாரையும் கூப்பிடவில்லை. எடுக்க வசதியாக எல்லாவற்றையும் கதவை ஒட்டியே அடுக்கினாள். கதவு வண்டியின் கடைசியில் இருந்தது. பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

குலாம் திரும்பி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயர், சங்கிலி, பின்விளக்கு, கொக்கியின் பூட்டு. எல்லாம் சரி. கதவில் பூட்டுத் தொங்கியது. திறந்து பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் சாவி மலிகாவிடம். அவள் பூட்டியதைத் திறந்து சோதனை போடுவதா? விருந்தாளி அப்படிச் செய்வானா? விட்டுவிட்டார். குவைத்தில் என்றால் முதலாளியையே எழுப்பித் திறக்கச் சொல்லியிருப்பார்.

அடுத்தது அதைவிட மோசம். மதியம் மலிகா புர்காவைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்ததும் குலாம் விறுவிறுவென்று போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முன்சீட்டை ஒரு தடவை பார்த்தாள். இவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இவர் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, சுற்றி வந்து, பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தார்.

கெடிலம் பாலத்தில் ஏறும்போதுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. இறங்கி முன்னால் வா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒருவேளை பின்னாலேயே வசதி என்று நினைக்கிறாளோ? இப்போது சொன்னால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? நினைத்துக்கொண்டே முதுநகரைத் தாண்டிவிட்டார். குடிகாட்டில் கம்பெனிகளின் மருந்து வாடை காருக்குள் வந்தது. தங்கராசு பட்டறை வாசலில் நின்று கையை ஆட்டினார். கண்ணாடியில் மலிகாவின் முகம் தெரிந்தது, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் கண்ணாடியில் பின்சீட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவரும் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

கட்டிய மனைவியை, கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் கழித்து, கண்ணாடியில் பார்க்கப் பயந்துகொண்டு ஒரு மனிதர் கார் ஓட்டிப் போனார்.

பின்னால் வண்டி என்னவோ சரியில்லை என்று ஆலப்பாக்கம் வருவதற்கு முன்பே அவருக்குப் பொறி தட்டியது. ஸ்டியரிங் லேசாக, பிடிமானம் இல்லாமல் இருந்தது. ரோடு புதிது, கைக்குப் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டி மேம்பாலச் சரிவில் இறங்கும்போது வேகம் அறுபது. பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து வலப்பக்கம் உரசுகிற மாதிரி ஏறிப் போனது. அது கிளப்பிய காற்றில் வண்டி இடதுபக்கம் ஒரு தள்ளு, வலதுபக்கம் ஒரு இழுப்பு. அடுத்த நொடி அது காரையே பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. மலிகா "யா அல்லாஹ்" என்று முன்சீட்டின் முதுகைக் கட்டிப் பிடித்தாள்.

இந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிரேக்கில் ஏறி நிற்பார்கள். நின்றால் பின்வண்டி காரை மடக்கிப் போட்டுவிடும். குலாமின் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது. பிரேக்குக்குப் போகவில்லை. ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடிக்கவும் இல்லை. இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் அதுவாகக் குறையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஐம்பது. நாற்பத்தைந்து. ஆட்டம் குறைந்தது. நாற்பதில் நின்றது. மெதுவாக ஓரங்கட்டி, சர்வீஸ் ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் நிறுத்தி, நாலு விளக்கையும் சிமிட்டவிட்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"மாஃபி முஷ்கில், மேடம். மாஃபி முஷ்கில்."

குவைத்தில் வண்டி குலுங்கினால் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று முதலாளியம்மாவுக்குச் சொல்லிப் பழகிய வாக்கியம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது புரிந்தது.

மலிகா தானே கதவைத் திறந்து இறங்கினாள். சாவியை எடுத்து வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். அரிசி மூட்டை, கேன், டிரங்குப் பெட்டி எல்லாம் கதவோரம் குவிந்து கிடந்தன. தேங்காய் மூலைக்கொன்றாக உருண்டிருந்தது.

குலாமுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கத்தவில்லை. "இத யாரு இங்க வச்சது?" என்று மட்டும் கேட்டார். கேள்வியே அபத்தம். வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

"நாந்தான். எடுக்க சுலுவா இருக்குமேன்னு."

"பின்னால கனம் ஜாஸ்தியானா வண்டி ஆடும் மலிகா."

"எனக்கு எப்புடித் தெரியும்? நீங்க சொன்னீங்களா?"

இல்லை. அவர் சொல்லவில்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். கொக்கியைக் கழற்றி, கூடவே எடுத்து வந்திருந்த எடை மெஷினை மூக்குக்குக் கீழே வைத்தார். "வந்து பாரு," என்றார். மலிகா குனிந்து பார்த்து, "முப்பத்தேழு," என்றாள்.

"நான் வச்சப்ப எம்பத்தெட்டு."

அவள் உள்ளே ஏறி அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்தாள். இவர் பதறிப்போய், "வுடு, நான் தூக்குறேன்," என்றார். "எனக்கு வரும், விடுங்க," என்று அவள் இழுத்தாள். ஒரு மூட்டையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஆளுக்கொரு முனையைத் தூக்கி அச்சுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். கேனும் பெட்டியும் அப்படியே. எல்லாம் முடிந்து மலிகாவே மெஷினைப் பார்த்துத் தொண்ணூற்றி ஒன்பது என்றாள். "இது சரியா?" என்று கேட்டாள். மொத்தக் கனமும் கூடியிருக்கிறது, அதற்கேற்ப மூக்கில் இருப்பதும் கூடியிருக்கிறது, சரிதான் என்று குலாம் சொன்னார். ஊர் திரும்பி எட்டு மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

கிளம்பும்போது மலிகா பின்கதவுக்குப் போகவில்லை. முன்கதவில் கை வைத்துக்கொண்டு, "அங்க மேடம் எங்க உக்காருவாங்க?" என்றாள்.

"பின்னால."

"முன்னால?"

"யாரும் உக்காரமாட்டாங்க."

"இருவத்தஞ்சு வருசமுமா?"

குலாம் சங்கிலியைப் பூட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது மலிகா முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டின் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம் வந்தது. ஊருக்குள் போகாமல் ஓரமாகச் சுற்றிக் காட்டுமன்னார்கோயில் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். இழுவை வண்டி காரின் தடத்திலேயே வராது, திருப்பத்தில் உள்பக்கம் வெட்டும். அதனால் முதலில் அகலமாகப் போய்ப் பிறகு ஒடிக்க வேண்டும். இவர் அகலமாகப் போனதும், கிடைத்த இடைவெளியில் ஒரு ஷேர் ஆட்டோ மூக்கை நுழைத்தது. "நில்லுங்க, நில்லுங்க, இந்தப் பக்கம் ஆட்டோ பூருது!" என்று மலிகா கத்தினாள். நின்றார். ஆட்டோக்காரன் இவர்களைத் திட்டிவிட்டுப் போனான். மலிகா அவனைத் திருப்பித் திட்டினாள். குலாமுக்குச் சிரிப்பு வந்தது. இனிமேல் எல்லாம் சரியாகப் போய்விடும் என்று அந்த நிமிடம் நம்பினார். மனிதனுக்குப் பேராசை வர ஒரு ஆட்டோ போதும்.

குமராட்சி தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வந்ததும் மலிகா கேட்டாள்: "எப்ப போறீங்க?"

"எங்க?"

"மொட்ட மாடியில அந்தப் பையன் பேசுனத போட்டுப் போட்டுக் கேட்டீங்க. அரபி எனக்குப் புரியாது. வீசான்னா எந்த பாஷையிலயும் வீசாதான?"

குலாம் வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தார். "நீ என்னா சொல்ற?" என்றார். இந்த ஒரு கேள்வியைக் கேட்க அவர் ஒரு கார் வாங்கி, ஒரு வீட்டைக் கட்டி, அதில் மாட்டி இழுத்துக்கொண்டு எழுபது கிலோமீட்டர் வர வேண்டியிருந்தது.

ஒரு ரைஸ் மில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பஸ் நிறுத்தம் போனது.

"போங்கன்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள். "போகாதீங்கன்னு சொல்லவும் எனக்கு வரல மச்சான். மொத தடவ நீங்க போனப்ப அது வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். அடுத்த தடவையும் அடக்கிக்கிட்டேன். இருவத்தஞ்சு வருசமா அந்த ஒரு வார்த்தையச் சொல்லாம இருக்கத்தான் நான் பழகுனேன். இப்ப வந்து சொல்லுன்னா, அது உள்ள எங்க கெடக்குதுன்னே எனக்குத் தெரியல."

குலாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ரோடு கலங்கித் தெரிந்தது. அவர் காத்திருந்த வார்த்தை வரப்போவதில்லை. அவளிடம் அது இல்லை என்பதல்ல. அதைத் தொலைக்கவைத்தவர் அவர்தான். யார் மேல் கோபப்படுவது?

களம் ஏரிக்கரைக்குக் கீழே, நுழைவில் இரண்டு கல்தூண் வைத்து இருந்தது. வண்டியைப் பின்னோக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். "நீ எறங்கிப் பின்னால நில்லு. என் கண்ணாடியில நீ தெரியணும். தெரியலன்னா நான் நிறுத்திடுவேன்," என்றார். ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் கை வைத்து, வண்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தி, விரல்கடை விரல்கடையாகத் தள்ளினார். மலிகா புர்காவின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வலது, இடது என்று கை காட்டினாள். மூன்றாவது முயற்சியில் வண்டி தூணில் உரசாமல் உள்ளே போய் நின்றது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கியைக் கழற்றி, மட்டம் பார்த்து, நாலு மூலைக்கும் கால் இறக்கினார். மலிகா உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

குலாம் கரை மேல் ஏறினார். ஏரியில் கொள்ளிடத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அங்கேயே சாயங்கால அஸர் தொழுதார். தொழுதுவிட்டுத் துஆ கேட்கக் கையை ஏந்தினால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வெறும் கையாக முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். குவைத்துக்குப் போனால் அவரைத் தேடுகிறவர்கள் உண்டு, இங்கே இருந்தால் இரு என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் போகாதே என்று யாரும் சொல்லவில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. போகவில்லை என்று தான் ஒரு தடவையாவது சொன்னோமா என்று இப்போதுதான் தோன்றியது.

போனை எடுத்து, வாட்ஸப்பில் விரலை அழுத்திக்கொண்டு அரபியில் பேசினார். உசாமா, மகனே, இந்தப் பருவத்துக்கு நான் வரவில்லை, அடுத்த பருவத்துக்கும் இல்லை. புது டிரைவரிடம் சொல், கனமெல்லாம் அச்சுக்கு முன்னால், சங்கிலி குறுக்காக, டயர் காற்றை வெயில் ஏறும் முன்பே பார்க்கட்டும். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்க வேண்டாம். அல்லாஹ் உங்களைக் காப்பாற்றட்டும். விரலை எடுத்தார். போய்ச் சேர்ந்துவிட்டது.

இதை மலிகாவிடம் சொல்ல வேண்டும். கரையிலிருந்து இறங்கி வண்டிக்கு வந்தார். கதவு சாத்தியிருந்தது. படியின் கீழே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, விரலை மடக்கி இரண்டு தடவை தட்டினார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. "யாரு?" என்றாள் மலிகா.

புருஷன் இல்லாத வீட்டில் இருபத்தைந்து வருடம் கதவைத் திறந்து மூடிய பெண் கேட்கிற கேள்வி. அதைக் கேட்காமல் அவள் எந்தக் கதவையும் திறந்ததில்லை. அந்தக் களத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் குலாமைத் தவிர வேறு ஆள் இல்லை.

இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில்தான் பழக்கத்தில் இருந்தது. டிரைவர் என்பது. அதை விழுங்கிவிட்டு நின்றார்.

"நாந்தான்," என்றார் கடைசியில். "நான் போகல, மலிகா. சொல்லிட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவர் அப்படியே நின்றார்.

"அதுக்கு எதுக்குக் கதவத் தட்டிக்கிட்டு வெளியில நிக்கிறீங்க?" என்றாள் மலிகா. "செருப்ப அங்கயே வுட்டுட்டு உள்ள வாங்க. இப்பத்தான் பாய் விரிச்சேன்."